பிசின் வடிக்கும் பழமரங்கள்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகச் செல்லும் மலைப்பாதையிலே ராகலை என்னும் சிறுநகரம் உண்டு. முன்னாளில் நானுஓயாவிலிருந்து அவ்வூர்வரை ஒரு குறுகிய இருப்புப்பாதை இருந்தது. 1948 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டுவிட்டது. அவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலேதான் நான் பிறந்து வளர்ந்தேன். லயத்தின் பின்புறத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையகலத் துண்டு நிலம் இருக்கும். அதிலே லீக்ஸும் கோவாவும் உருளைக்கிழங்கும் பயிராகும். வேலி ஓரத்தில் ஒரு பீச் மரம், ஒரு தோடை, இடமிருந்தால் ஒரு பேரி நிற்கும். நிலம் தோட்டத்துக்கு உரியது. மரம் நட்டவருக்கு உரியது. இந்தக் கணக்கு எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டதன்று. ஆயினும் லயத்தில் உள்ள அனைவரும் அதை ஒப்புக்கொண்டிருந்தனர்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்துக் காம்பராப் பாட்டி என்னை அழைத்தார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது பேரப்பிள்ளைகளை வளர்த்து வருகிறார்.

“தம்பி, மரம் அழுவுது. வந்து பாரு. வெட்டிப்புடலாம்னு பெரியவன் சொல்றான்” என்றார்.

பின்புறம் சென்று பார்த்தேன். பீச் மரத்தின் அடிமரத்திலும் கிளைக்கவட்டிலும் பொன்னிறப் பிசின் கட்டி கட்டியாகத் தொங்கிற்று. காலை வெயில் பட்டு அது மின்னியது. நான்கு முழம் தள்ளி ஒரு தோடை மரம் நின்றது. அதன் அடியில் பட்டை சற்றே கறுத்து, இரண்டொரு துளி பிசின் மாத்திரம் காய்ந்து கிடந்தது. பாட்டிக்குத் தோடையைப் பற்றி யாதொரு கவலையும் இல்லை. பீச்சைப் பற்றியே கவலை. அதன் பழங்களை ராகலைக் கடைவீதியில் விற்று வரும் பணத்தில்தான் பேத்தியின் கொப்பிகளும் சப்பாத்தும் வாங்கப்படுகின்றன. இந்த இரு மரங்களின் கதையையே இன்று தங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலிற் பிசின் என்பது யாது என்று பார்ப்போம். பலர் அதை மரத்தின் இரத்தம் என எண்ணுவர். உண்மையில் அது காயம்பட்ட மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியின் விளைவு. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதிய திசுக்களை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. கத்தி பட்டாலும், வண்டு துளைத்தாலும், நுண்கிருமி புகுந்தாலும் அவ்வடுக்கை ஒட்டிய உயிரணுக்களிற் சில கரைந்து பசையாகின்றன. காய்களைப் பழுக்கவைக்கும் எதிலீன் என்னும் வாயுவுக்கும் இதிலே பங்குண்டு. அப்பசை காயத்தை அடைத்து, பகை மேலும் உட்செல்லாதவாறு தடுக்க முயல்கிறது. சூடான் நாட்டிலே கருவேல இனத்து மரங்களின் பட்டையை வேண்டுமென்றே சீவிவிட்டு, வடிந்து காயும் பிசினைத் திரட்டி உலகெங்கும் விற்கின்றனர். சீனத்தில் பீச் மரத்துப் பிசினையே ஊறவைத்து இனிப்புப் பண்டமாக உண்கின்றனர். நாங்களும் சிறுவயதில் அதைச் சுரண்டியெடுத்துப் பட்டம் ஒட்டினோம். ஆகவே பிசின் நோயன்று. அது நோயின் அறிகுறி, அல்லது வெறுங் காயத்தின் அறிகுறி. எதனால் வடிகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மருந்து பூசுவது, காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் போர்வை போர்த்துவதற்கு ஒப்பாகும்.

அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் ஒரு தோடை இருந்தது. நான் பள்ளியிறுதி வகுப்பிற் படித்த காலத்தில் அதன் அடியிற் பிசின் வடிந்தது. யாரோ சொன்னதைக் கேட்டுச் சாணமும் களிமண்ணும் குழைத்து அந்த இடத்தில் அழுத்தி அப்பினேன். மழைக்காலம் முழுவதும் அந்தப் பூச்சு ஈரம் காயாமல் இருந்தது. அடுத்த ஆண்டு தை மாதத்தில் மரம் தலையிலிருந்து காய்ந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விறகாக வெட்டி அடுக்கும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நோய்க்கு எது வேண்டுமோ அதையே, அதாவது ஓயாத ஈரத்தையே, நான் அதற்குக் கொடுத்திருந்தேன் என்பது பல ஆண்டுகளின் பின்னரே எனக்கு விளங்கிற்று.

பாட்டியின் பீச் மரத்துக்கு வருவோம். பிசினை நகத்தாற் கிள்ளிப் பார்த்தேன். பெரும்பாலான கட்டிகள் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் பிசினோடு மரத்தூள் போன்ற துகள் கலந்திருந்தது. அதை வழித்தெடுத்தால் உள்ளே ஒரு சிறு துளை. இது துளைபுழுவின் வேலை என்பதிற் சந்தேகமில்லை. பிசினில் தூள் கலந்திருந்தாற் பூச்சி என்று கொள்க. இதுவே நான் அறிந்த எளிய சோதனை. மற்ற இடங்களிலே காரணம் வேறு. ஆட்டைக் கட்டிய கயிறு அடிமரத்தைச் சுற்றி அறுத்திருந்தது. துணி காயப்போடும் கம்பிக்காக அடித்த 2 ஆணிகள் கிளைக்கவட்டின் கீழே இருந்தன. சென்ற மழைக்காலத்தில் ஒடித்த கிளையொன்றின் முண்டு அழுகிக் கறுத்திருந்தது.

பட்டையைச் சற்றே சுரண்டிப் பார்ப்பது அடுத்த சோதனை. கூரிய கத்தியின் நுனியால் விரல்நக அளவு மட்டும் மேற்பட்டையை நீக்கவேண்டும். உள்ளே பசுமையும் வெண்மையுமாக ஈரத்தோடு இருந்தால் அவ்விடம் உயிரோடிருக்கிறது. கபில நிறமாகி, புளித்த வாடை வீசினால் அவ்விடம் செத்துவிட்டது. பீச் மரத்தில் நான் சுரண்டிய 5 இடங்களிலும் உள்ளே பசுமையே தெரிந்தது. மரம் வெளியில் அழுதுகொண்டிருந்ததே தவிர உள்ளே உறுதியாக இருந்தது.

பின்னர் தோடையின் அடிக்குச் சென்றேன். அங்கே நிலைமை வேறு. காய்கறிப் பாத்திக்கு மண் அணைத்தபோது மரத்தின் அடியிலும் ஒரு சாண் உயரம் மண்ணேறியிருந்தது. பாத்திரம் கழுவும் நீர் ஓடும் கான் அதனருகே அடைபட்டுத் தேங்கியிருந்தது. மண்ணை விலக்கிப் பட்டையைத் தொட்டதும் அது ஈரச் சாக்குப்போலக் கையோடு வந்தது. உட்பக்கம் கபிலநிறம். அந்தக் கபிலநிறம் அடிமரத்தைச் சுற்றி முக்காற் பங்குக்குப் பரவியிருந்தது. இலைகளிலும் நடுநரம்பு மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

இங்கே நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். தோடை, எலுமிச்சை ஆகியவற்றின் பிசின் நீரிற் கரையக்கூடியது. ஒரு பெருமழை பெய்தால் கழுவிப்போய்விடும். “பிசின் நின்றுவிட்டது, மரம் தேறிவிட்டது” என்று நாம் மகிழ்ந்திருக்கும்போதே பட்டையின் கீழே அழுகல் பரவிக்கொண்டிருக்கும். நிரம்பப் பிசின் வடித்த பீச் பிழைக்கக்கூடியதாகவும், இரண்டு துளி வடித்த தோடை சாகக்கூடியதாகவும் இருந்ததன் காரணம் இதுவே.

தோடையைத் தாக்கிய அந்த நோய்க்கிருமியின் பெயர் பைத்தோப்தோரா. 1876 ஆம் ஆண்டில் அன்ரன் டி பாரி என்னும் ஜேர்மானிய அறிஞர் இட்ட பெயர் அது. ‘செடிகளை அழிப்பது’ என்பது அதன் பொருள். பார்வைக்குப் பூஞ்சணம் போன்றதெனினும் பிறப்பால் அது கடற்பாசி இனங்களுக்கு நெருங்கிய உறவு. உருளைக்கிழங்கு பயிரிடும் ராகலை மக்களுக்கு அதன் உடன்பிறப்பை நன்றாகத் தெரியும். மூடுபனியும் தூறலும் கூடிய நாட்களில் ஒரு கிழமைக்குள் பாத்தி முழுவதையும் கருக்கிவிடும் நோய் இருக்கிறதே, அதுவும் ஒரு பைத்தோப்தோராவே. 1845 ஆம் ஆண்டில் அயர்லாந்திலே தோன்றிய பெரும் பஞ்சத்துக்குக் காரணமாயிருந்ததும் அதுதான். தோடையின் அடியழுகலை உண்டாக்கும் வகைகள் மண்ணிலேயே வாழ்கின்றன. ஈரமண்ணிலே அவை நீந்திச் செல்லும் வித்துக்களை வெளிவிடுகின்றன. ஒவ்வொரு வித்துக்கும் வால்போன்ற 2 இழைகள் உண்டு. நீர் தேங்கினால் அவை நீந்தி வந்து பட்டையைத் துளைக்கும். நீர் வடிந்தோடினால் அவை முடமாகிவிடும். ஆகையால் இந்நோய்க்கு முதல் மருந்து மண்வெட்டி, இரண்டாவதே துரிசு.

துரிசு என்றவுடன் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. பிரான்சிலே மெடோக் என்னும் திராட்சை நாட்டில், வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்னாதிருக்கவென்று பாதையோரக் கொடிகளின்மேல் துரிசும் சுண்ணாம்பும் கலந்து தெளித்துவைப்பது வழக்கம். நீலம் பூத்த பழத்தைக் கண்டால் யார் தின்பர்? 1882 ஆம் ஆண்டில் மில்லார்டே என்னும் பேராசிரியர் அவ்வழியே சென்றபோது, மற்றக் கொடிகள் எல்லாம் நோயால் இலையுதிர்ந்து நிற்க, தெளித்த கொடிகளில் மட்டும் இலை நிற்பதைக் கண்டார். 1885 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். பழத்திருடரை மிரட்டப் பிறந்த அக்கலவையே போர்தோக் கலவை என உலகப் புகழ் பெற்றது. இலங்கைத் தேயிலையில் 1946 ஆம் ஆண்டில் கொப்புள நோய் புகுந்தபோது மலைகளைக் காத்ததும் செப்பு மருந்துகளே. ஆகவே தோட்டத்து மக்களுக்கு அந்த நீலநிறம் புதியதன்று.

அடிமரத்துக்குப் பூசும் பசையைச் செய்யும் முறை இது. துரிசு 100 கிராம், புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், நீர் 1 லீற்றர். நீற்றிய சுண்ணாம்புத் தூளே கிடைத்தால் 130 கிராம் எடுத்துக்கொள்ளலாம். அரை லீற்றர் நீரில் துரிசைப் பொடித்துக் கரைக்கவும். மற்ற அரை லீற்றரிற் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டவும். சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டதும் கொதிக்குமாதலின் முகத்தைத் தூரவைத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்பு துரிசு நீரைச் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பில் ஊற்றி மரக்குச்சியாற் கலக்கவேண்டும். மட்பாண்டமோ பிளாஸ்டிக் வாளியோ தான் இதற்கு ஏற்றது. இரும்பும் அலுமினியமும் கூடா. கலந்த பின் ஒரு சுத்தமான இரும்பு ஆணியைச் சற்று நேரம் அதில் தோய்த்து எடுங்கள். ஆணியில் செந்நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதாது. இன்னும் சிறிது சேர்க்கவேண்டும். இல்லையேல் பசை பட்டையைச் சுட்டுவிடும். செய்த அன்றே பூசிவிடுவது நன்று. நாட்சென்றாற் பயன் குறையும்.

பூசுவதற்கு முன் செய்யவேண்டியதே கடினமான பணி. மழையற்ற நாள் ஒன்றைத் தெரிந்துகொண்டு, அடிமரத்தைச் சுற்றியுள்ள மண்ணை மேல்வேர்கள் தோன்றுமட்டும் விலக்கவேண்டும். கூரிய கத்தியால் செத்த கபிலநிறப் பட்டையைக் கட்டையை வெட்டாமற் சீவி எடுக்கவேண்டும். அதோடு நிற்காமல், அதைச் சூழ்ந்துள்ள பச்சைப் பட்டையிலும் ஓர் அங்குல அகலம் சீவிவிட வேண்டும். பச்சைப் பட்டையை வெட்ட மனம் வராது; எனக்கும் வரவில்லை. ஆயினும் நோய் நம் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிச் சென்றிருக்கும். சீவியவற்றை ஒரு சாக்கிலே சேர்த்து எரித்துவிடுக. குப்பைமேட்டிற் போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி தோட்டத்துக்கே வரும். கத்தியை ஒவ்வொரு மரத்துக்கும் இடையே நெருப்பிற் காட்டுவது அவசியம். காயம் இரண்டொரு நாள் காற்றில் உலர்ந்த பின் பசையைத் தூரிகையாற் பூசலாம். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பார்த்து, விளிம்பில் கபிலநிறம் தெரிந்தால் அதே பணியை மீண்டும் செய்யவேண்டும்.

துரிசு நஞ்சு என்பதை மறவாதீர்கள். அந்த நீலம் பிள்ளைகளின் கண்ணைக் கவரும். ஆடுகள் பூசிய மரத்தை நக்காதபடி வேலியிடவேண்டும். செம்பராடுகளுக்குச் செம்பு மிகக் கொடியது. வாளியைப் பீலியில் கழுவவே கூடாது. அந்த நீரைத்தான் கீழ் லயத்தார் குடிக்கின்றனர். ஓடையில் உள்ள மீன்களுக்கும் செம்பு ஆகாது. மண்ணிற் சேர்ந்த செம்பு எளிதில் நீங்குவதுமில்லை. ஆகையாற் கொஞ்சம் செய்து, வேண்டிய இடத்தில் மாத்திரம் பூசுங்கள். பீச் மரம் இலையோடு நிற்கையில் இலைமேற் செப்பு மருந்து பட்டால் இலை கருகி உதிரும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

பீச் மரத்துக்கு நான் இந்தப் பசையைப் பூசவேயில்லை. துளையினுள்ளே சைக்கிள் சக்கரக் கம்பியொன்றைச் செலுத்திப் புழுவைக் குத்திக் கொன்று, துளையை மெழுகால் அடைத்தோம். ஆணிகளைப் பிடுங்கினோம். ஆட்டுக்கு வேறு முளை அடித்தோம். அழுகிய முண்டை, கிளை பிறக்கும் இடத்துப் புடைப்புக்குச் சேதமில்லாமல் வெட்டி நீக்கினோம். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டியின் மகன் ஒரே வீச்சில் அதை முடித்தார். வெட்டுக்குச் சாணமோ தாரோ பூசவா என்று கேட்டார். வேண்டா என்றேன். அமெரிக்க வனத்துறையில் 1959 முதற் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து, அத்தகைய பூச்சுக்கள் உள்ளழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டினார். மரம் தன் காயத்தை நம் தோலைப்போல் ஆற்றிக்கொள்வதில்லை. சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது. நம் வேலை, வெட்டைச் சுத்தமாக வைப்பதும், அதை உலர்ந்த நாளிற் செய்வதுமே. அடைமழையிற் பீச் மரத்தில் கத்தி வைப்பது கிருமிகளுக்குக் கதவைத் திறந்துவைப்பதாகும்.

பீச்சுக்கும் பிளம்ஸுக்கும் பூஞ்சணத்தால் வரும் பிசின் நோய் ஒன்றும் உண்டு. பட்டையில் மூச்சுவிடும் சிறுதுளைகள் கொப்புளமாகி, ஒரே கிளையிற் பற்பல இடங்களிற் பிசின் துளிர்க்கும். இதற்கு நம்பத்தக்க மருந்தில்லை. காய்ந்த கிளைகளை வெட்டி எரிப்பதும், கோடையில் மரம் வாடாதபடி நீரூற்றி அடியில் மூடாக்கு இடுவதுமே வழி. ராகலைப் பக்கத்தில் ஆடி, ஆவணி மாதங்களிற் காய்ந்த காற்று ஓயாது வீசும். தேயிலைக்கு மணம் கூட்டும் அந்தக் காற்றே பழமரத்தை வாட்டிவிடும். மூடாக்கு நல்லது, ஆனால் அது அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியிருக்கவேண்டும். சற்றுக் கீழிறங்கிய இடங்களில் ஆனைக்கொய்யா வைத்திருப்பவர்கள், அதன் பட்டையில் வெண்மாவுபோல் ஏதோ படிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அது வெளிவந்து காய்ந்த ஒருவகை வெல்லம். அதன் கீழேயும் காயமோ அழுகலோ இருக்கும். அங்கும் முதலிற் பார்க்கவேண்டியது நீர் வடிகிறதா என்பதே.

தோடையின் முடிவைப் பாட்டியிடம் சொல்வது எளிதாயிருக்கவில்லை. அடிமரத்தின் சுற்றளவில் பாதிக்கு மேற் செத்துவிட்டால் மரத்தை மீட்பதிலும் புதிதாக நடுவதே மேல் என்பது அனுபவமுள்ளோர் கொள்கை. இந்த மரமோ முக்காற் பங்கு செத்திருந்தது. “அப்போ அழுவாத மரந்தான் சாவுதா?” என்று கேட்டார். ஆமென்றேன். அவர் தோடையின் கிளையைப் பிடித்துக்கொண்டு சற்றுநேரம் நின்றார். பிறகு, “அடுத்த கன்றை எங்கே வைக்கிறது?” என்றார்.

அதே குழியில் வைக்கலாகாது. அந்த மண்ணிற் கிருமி பல்லாண்டு இருக்கும். மேட்டுப்பாங்கான இடத்தில், சிறு திடல் அமைத்து அதன்மேல் நடவேண்டும். ஒட்டுக்கன்றாயின் ஒட்டு இருக்கும் இடம் மண்ணிலிருந்து ஒரு சாணேனும் உயர்ந்திருக்கவேண்டும். அடிக்கன்றின் இனமும் முக்கியம். 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோடைத் தோப்புகளை அடியழுகல் அழித்தபோது, புளித்தோடை வேரின்மேல் ஒட்டிய மரங்கள் தாங்கி நின்றன. உலகமே அவ்வேரைக் கைக்கொண்டது. பின்னர் 1930 களிலிருந்து தென்னமெரிக்காவிலே திரிஸ்தேசா என்னும் வைரசு நோய் பரவியபோது அதே வேரில் நின்ற மரங்களே இலட்சக்கணக்கில் மடிந்தன. எனவே எல்லா நோயையும் தாங்கும் வேர் என்று எவரேனும் கூறி விற்றால் நம்பிவிட வேண்டா. எந்த வேர் தங்கள் ஊருக்கு ஏற்றது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் லயத்துக்கு வருவார் என்று காத்திருக்க வேண்டா, வருபவர் சிலரே. ஒரு துண்டுப் பட்டையையும் இரண்டு இலையையும் தாளிற் சுற்றிக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்கு நாமே போய்விடலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். அடியழுகலுக்குச் செப்பைவிட ஆற்றலுள்ள மருந்துகள் இன்று உண்டு. அவற்றுள் எதை, எவ்வளவு, எந்தப் பயிருக்கு என்பதை அவர்கள் சொல்லாமற் கடைக்காரர் சொற்கேட்டு வாங்குவதை நான் விரும்பேன்.

பாட்டியும் மகனும் தோடையை வெட்டினர். கானைத் துப்புரவாக்கி, நீரைப் பாத்திக்கு அப்பால் திருப்பினர். புதிய கன்று லயத்தின் மேற்புறத்து மேட்டில், 7 பேர்ச்சுக் காணியில் வீடு கட்டித் தருவதாகச் சொல்லி முளையடித்துவிட்டுப் போன இடத்தின் ஓரத்தில் நடப்பட்டிருக்கிறது. வீடு வருமுன் மரம் காய்க்குமோ, மரம் காய்க்குமுன் வீடு வருமோ தெரியாது. சென்ற மாதம் பேத்தி தொலைபேசியிற் பேசினாள். பீச் மரம் இன்னும் ஓரிடத்தில் மட்டும் பிசின் வடிக்கிறதாம், தூள் இல்லையாம், சுரண்டிப் பார்த்தாளாம், உள்ளே பச்சையாம்.